நீரைத் தேடும் அலை

மார்பகத்துக்குள் இருக்கும் புற்றுக்கட்டியை நுண்ணலைகளைக் கொண்டு கண்டறியும் முறைக்கு மைக்ரோவேவ் படமெடுப்பு என்று பெயர். சமையலறை அடுப்பிலும் கைபேசியிலும் வைஃபை கருவியிலும் புழங்கும் அதே வகை அலைகள்தாம் இவை. மிகக் குறைந்த ஆற்றலில் மார்பகத்துக்குள் செலுத்தப்படும் அலை எங்கே மோதித் திரும்புகிறது, எங்கே வேகம் தளர்கிறது, எங்கே வலுவிழக்கிறது என்று ஆன்டெனாக்கள் அளக்கின்றன. கணினி அந்த அளவுகளைப் படமாக மாற்றுகிறது.

எளிமையாகச் சொன்னால், இது திசுவின் ஈரத்தை அளக்கும் முறை. கொழுப்பில் நீர் குறைவு. புற்றுக்கட்டியில் நீர் அதிகம். இந்த ஒரு வேறுபாட்டை நம்பித்தான் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ச்சி நடந்து வருகிறது. இம்முறை தந்த நம்பிக்கைக்கும், அது சந்தித்த சிக்கலுக்கும் காரணம் அதே நீர்தான்.

மேமோகிராம் தடுமாறும் இடம்

உலக அளவில் 2022-ல் ஏறத்தாழ 23 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது, ஏறத்தாழ 6.7 லட்சம் பேர் அதனால் இறந்தார்கள். அதே ஆண்டுக்கான மதிப்பீட்டில் இந்தியாவில் மட்டும் புதிய நோயாளிகள் சுமார் 1.92 லட்சம், இறப்புகள் சுமார் 98 ஆயிரம். கட்டி சிறிதாக இருக்கும்போதே, நிணநீர்க் கணுக்களுக்குப் பரவும் முன்பே பிடிபட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். ஆகவே எந்தக் கருவியால் எவ்வளவு சீக்கிரம் பார்க்க முடியும் என்பது இந்நோயில் உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி.

இன்று பரவலாகப் பயன்படுவது மேமோகிராம் எனும் எக்ஸ்ரே படம். பெர்லினைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஆல்பர்ட் சாலமன் 1913-ல், வெட்டியெடுக்கப்பட்ட சுமார் மூவாயிரம் மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்து ஆராய்ந்ததிலிருந்து இதன் வரலாறு தொடங்குகிறது. மேமோகிராம் எடுக்கும்போது மார்பகத்தை இரண்டு தகடுகளுக்கு இடையே வைத்து அழுத்துவார்கள். தடிமன் குறைந்தால் கதிர் அளவும் குறையும், படமும் தெளிவாகும். பல பெண்களுக்கு இந்த அழுத்தம் வலியைத் தருகிறது. கதிர்வீச்சின் அளவு குறைவுதான் என்றாலும் எக்ஸ்ரே அயனியாக்கும் கதிர். நினைத்தபோதெல்லாம் எடுத்துப் பார்க்கத் தக்கதன்று.

இதைவிடப் பெரிய குறை வேறொன்று. மார்பகம் கொழுப்புத் திசு, பால் சுரப்பிகள் அடங்கிய சுரப்பித் திசு, இவற்றைத் தாங்கும் நார்த் திசு ஆகியவற்றால் ஆனது. எக்ஸ்ரே படத்தில் கொழுப்பு கருமையாகவும், சுரப்பியும் நாரும் வெண்மையாகவும் தெரியும். புற்றுக்கட்டியும் வெண்மையாகவே தெரியும். கொழுப்பு மிகுந்த மார்பகத்தில் கருப்புப் பின்னணியில் வெள்ளைப் புள்ளி பளிச்சென்று தெரிந்துவிடுகிறது. சுரப்பியும் நாரும் மிகுந்த ‘அடர்த்தியான’ மார்பகத்தில் கட்டியைத் தேடுவது, சுண்ணாம்பு அடித்த சுவரில் அரிசிமாவுக் கோலத்தைத் தேடுவதற்குச் சமம். நாற்பது வயதைக் கடந்த பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மார்பகம் அடர்த்தியானது. இளம் பெண்களில் இந்தப் பங்கு இன்னும் அதிகம். போதாக்குறைக்கு, அடர்த்தியான மார்பகம் உள்ளவர்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் சற்றுக் கூடுதல்.

இத்தகையவர்களுக்கு அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும் துணைக்கு வருகின்றன. அல்ட்ராசவுண்டில் கிடைக்கும் படத்தின் தரம் கருவியைப் பிடிக்கும் கையின் அனுபவத்தைப் பொறுத்தது. எம்.ஆர்.ஐ. மிக நுட்பமாகப் பார்க்கும். ஆனால் செலவு அதிகம், நேரம் அதிகம், இரத்தக் குழாயில் காடோலினியம் கலந்த மருந்தைச் செலுத்த வேண்டும். வலியில்லாத, கதிர்வீச்சில்லாத, விலை குறைந்த, திரும்பத் திரும்பச் செய்யக்கூடிய இன்னொரு சோதனை இருந்தால் நல்லது என்ற எண்ணம்தான் ஆராய்ச்சியாளர்களை நுண்ணலையின் பக்கம் திருப்பியது.

நீர் செய்யும் வேலை

மின்காந்த அலைகளில் 300 மெகாஹெர்ட்ஸ் முதல் 300 கிகாஹெர்ட்ஸ் வரையிலானவை மைக்ரோவேவ் எனப்படுகின்றன. காற்றில் இவற்றின் அலைநீளம் ஒரு மீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை. மார்பகப் படமெடுப்புக்குப் பெரும்பாலும் ஒரு கிகாஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழிருந்து சுமார் 10 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி பயன்படுகிறது. சமையலறை அடுப்பு இயங்கும் 2.45 கிகாஹெர்ட்ஸும் இதற்குள்தான் வருகிறது.

அடுப்பில் குழம்பு சூடாகிறது, அதை வைத்திருக்கும் பீங்கான் கிண்ணம் அவ்வளவாகச் சூடாவதில்லை. நீர் மூலக்கூறின் ஒரு முனை நேர் மின்தன்மையும் மறுமுனை எதிர் மின்தன்மையும் கொண்டது. அலையின் மின்புலம் திசை மாற மாற நீர் மூலக்கூறுகளும் அதற்கேற்பத் திரும்ப முயல்கின்றன. இந்த இழுபறியில் அலையின் ஆற்றல் வெப்பமாகிறது. அலையின் வேகமும் குறைகிறது. ஒரு பொருள் மின்புலத்துக்கு எவ்வளவு இணங்குகிறது என்பதை ஒப்புமை விடுதிறன் என்ற எண் சொல்கிறது. வெற்றிடத்துக்கு அது 1. அறை வெப்பநிலையில் நீருக்கு ஏறத்தாழ 80. நீர் குறைந்த கொழுப்புத் திசுவுக்கு 10-க்குள் அடங்கிவிடும். புற்றுக்கட்டிக்கு 50-ஐ ஒட்டி இருக்கும். உப்புக் கலந்த நீர் மின்சாரத்தையும் கடத்துவதால், மின்கடத்துதிறனிலும் இரண்டுக்கும் பெரிய இடைவெளி உண்டு.

விடுதிறன் மாறும் எல்லையில் அலையின் ஒரு பகுதி திரும்பி வரும். மீதி உள்ளே போகும். கொழுப்பு வழியே செல்லும் நுண்ணலை, காற்றில் உள்ள வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் போகிறது. ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் கட்டி இருந்தால், அலை அங்கே சென்று மோதித் திரும்ப ஏறத்தாழ ஒரு நானோ நொடி, அதாவது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு நேரம் ஆகும். இவ்வளவு குறுகிய நேரத்தைத் துல்லியமாக அளக்கும் மின்னணுக் கருவிகள் வந்த பிறகே இத்துறை காலூன்ற முடிந்தது.

பாதுகாப்பு பற்றிய அச்சத்துக்கு இங்கே இடமில்லை. அடுப்பு நூற்றுக்கணக்கான வாட் ஆற்றலை வீசுகிறது; படமெடுக்கும் கருவிகள் அனுப்புவது மில்லிவாட் கணக்கில்தான். கைபேசி வெளியிடுவதைவிட இது குறைவு. திசு சூடாவதில்லை. அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் வலுவும் நுண்ணலைக்குக் கிடையாது.

வானியலாளர் தொடங்கியது

உடலை நுண்ணலையால் ஆராயும் முயற்சி 1970-களில் தொடங்கியது. விண்வெளியில் ஹைட்ராக்சில் மூலக்கூறு இருப்பதை ரேடியோ அலை மூலம் 1963-ல் கண்டறிந்த குழுவில் ஒருவரான ஆலன் பாரெட், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றியவர். வானத்திலிருந்து வரும் மிக மெல்லிய நுண்ணலைகளைப் பிடிக்கும் அதே நுட்பத்தை அவரும் பிலிப் மையர்ஸும் மனித உடலின் பக்கம் திருப்பினார்கள். வெப்பமுள்ள எந்தப் பொருளும் கொஞ்சம் நுண்ணலையை வெளியிடும். இரத்த ஓட்டம் மிகுந்த கட்டி சுற்றுப்புறத் திசுவைவிடச் சற்று வெப்பமாக இருக்கக்கூடும். ஆகவே வெளியிலிருந்து எதையும் செலுத்தாமல், உடலே வெளியிடும் அலையை அளந்து தோலுக்கடியில் உள்ள வெப்பநிலையை அறியலாம் என்று 1975-ல் அவர்கள் காட்டினார்கள். ‘செயலற்ற’ முறை எனப்படும் இதில் வெப்ப வேறுபாடு மிகச் சிறியது என்பதால், கட்டியின் இடத்தையும் வடிவத்தையும் தெளிவாகப் பெறுவது கடினம்.

அதே பத்தாண்டின் இறுதியில் அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ ஆய்வுக் கழகத்தில் லாரன்ஸ் லார்சனும் ஜான் ஜேக்கபியும் வேறு வழியில் போனார்கள். நீரில் அமிழ்த்திய இரண்டு ஆன்டெனாக்களுக்கு இடையே நாயின் சிறுநீரகத்தை வைத்து, அதன் உட்புற அமைப்பைக் காட்டும் படத்தைப் பெற்றார்கள். நுண்ணலையை வெளியிலிருந்து செலுத்தி உறுப்பின் உட்புறத்தைப் பார்க்க முடியும் என்று அது நிறுவியது.

இரண்டும் கலந்த மூன்றாவது வழியும் உண்டு. நுண்ணலைத் துடிப்பைச் செலுத்தினால் நீர் மிகுந்த திசு அதை அதிகம் உறிஞ்சி நுண்ணிய அளவில் விரியும். விரியும்போது ஒலியலை எழும்பும். அந்த ஒலியைப் பிடித்துப் படமாக்கலாம். இந்த வெப்ப-ஒலி முறையை 434 மெகாஹெர்ட்ஸ் அலையைக் கொண்டு மார்பகத்தில் சோதித்தவர் அமெரிக்காவின் ராபர்ட் குருகர். இவற்றில் மிகுதியாக வளர்ந்தது, அலையைச் செலுத்தி அலையையே திரும்பப் பெறும் ‘செயல்முனை’ முறைதான். அதிலும் டோமோகிராபி, ராடார் என்று இரண்டு கிளைகள் உள்ளன.

கரையில் நின்று குளத்தின் அடியைக் காண்பது

டோமோகிராபியில் மார்பகத்தைச் சுற்றி வட்டமாக ஆன்டெனாக்கள் நிற்கும். ஒன்று அலையை அனுப்ப, மற்றவை பெற்றுக்கொள்ளும். பிறகு அடுத்தது அனுப்பும். இப்படி ஒவ்வொரு திசையிலிருந்தும் கிடைத்த அளவுகளை வைத்து, மார்பகத்துக்குள் ஒவ்வொரு புள்ளியிலும் விடுதிறன் எவ்வளவு, மின்கடத்துதிறன் எவ்வளவு என்று கணினி கண்டுபிடிக்க வேண்டும்.

சி.டி. ஸ்கேனில் எக்ஸ்ரே நேர்கோட்டில் போகிறது. அதனால் கணக்கு ஒப்பளவில் எளிது. நுண்ணலையின் அலைநீளம் கட்டியின் அளவை ஒட்டியே இருப்பதால் அது வளைகிறது, சிதறுகிறது, சிதறியது மறுபடி சிதறுகிறது. குளத்தில் கல்லை எறிந்துவிட்டு, கரையில் வந்து மோதும் அலையை மட்டும் பார்த்து, நீருக்கடியில் பாறைகள் எங்கெங்கே கிடக்கின்றன என்று சொல்வது எவ்வளவு கடினமோ அவ்வளவு கடினம் இது. ஒரே அளவுகளுக்குப் பொருந்தும் விடைகள் பல இருக்கலாம். அளவில் ஒரு சின்னப் பிழை விடையைத் தலைகீழாக்கலாம். கணிதத்தில் இதைத் தலைகீழ்ச் சிக்கல் என்பார்கள். கணினி முதலில் ஒரு மார்பகத்தை ஊகித்துக்கொள்ளும். அதன் வழியே அலை போனால் என்ன அளவுகள் கிடைக்கும் என்று கணக்கிடும். உண்மை அளவோடு ஒப்பிட்டு ஊகத்தைத் திருத்தும். வேறுபாடு மிகச் சிறியதாகும் வரை இது திரும்பத் திரும்ப நடக்கும்.

இந்த வழியில் முன்னோடி, அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் பால் மீனி, கீத் பால்சன் ஆகியோரின் குழு. உயிருள்ள பெண்களின் மார்பகத்தை டோமோகிராபி முறையில் படமெடுத்த முதல் மருத்துவ ஆய்வை 2000-ல் அவர்கள் வெளியிட்டார்கள். அதில் ஐந்து பெண்கள் பங்கேற்றார்கள். கட்டிலில் குப்புறப் படுத்தால், அதில் உள்ள துளை வழியே மார்பகம் கீழே இருக்கும் தொட்டிக்குள் தொங்கும். தொட்டியில் உள்ள திரவத்தில் 16 ஆன்டெனாக்கள் அதைச் சூழ்ந்திருக்கும். 300 முதல் 1000 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள் பயன்பட்டன. மார்பகத்தை அழுத்தத் தேவை இல்லை.

திரவம் எதற்கு? காற்றிலிருந்து நேராகத் தோலில் பட்டால் அலையின் கணிசமான பங்கு உள்ளே போகாமல் திரும்பிவிடும். விடுதிறன் தோலுக்கு நெருக்கமாக உள்ள ஒரு திரவம் இடையில் இருந்தால் அலை எளிதாக நுழையும். அல்ட்ராசவுண்ட் எடுக்கும்போது வயிற்றில் குழைவான ஜெல் தடவுவதும் இதே நோக்கத்தில்தான்.

ராடார் வழி

இரண்டாவது கிளை, திசுக்களின் பண்பை முழுமையாகக் கணக்கிட முயல்வதில்லை. அலையை வலுவாகத் திருப்பி அனுப்பும் பொருள் எங்கே இருக்கிறது என்று மட்டும் தேடுகிறது. விமானத்தைத் தேடும் ராடார் செய்வதும் இதுவே. சூசன் ஹேக்னஸ், ஆலன் டாஃப்லோவ், ஜாக் பிரிட்ஜஸ் ஆகியோர் 1998-ல் வெளியிட்ட கணினி ஆய்வு இதற்கு அடித்தளம் இட்டது. பிறகு ஹேக்னஸ் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலும், எலிஸ் ஃபியர் கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்திலும் இதை வளர்த்தார்கள்.

மிகப் பரந்த அதிர்வெண் பட்டையைக் கொண்ட, மிகக் குறுகிய துடிப்பை ஆன்டெனாக்கள் அனுப்புகின்றன. திரும்பி வந்த சைகைகளெல்லாம் பதிவான பிறகு, கணினி மார்பகத்துக்குள் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு ஆன்டெனாவிலிருந்தும் அந்தப் புள்ளிக்கு அலை போய்வர எவ்வளவு நேரமாகும் என்று கணக்கிட்டு, அந்தந்தச் சைகையை அந்த நேரத்துக்கு நகர்த்தி எல்லாவற்றையும் கூட்டுகிறது. தேர் வடத்தைப் பிடித்தவர்கள் ஒரே கணத்தில் இழுத்தால் தேர் நகரும், ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் அசையாது. அதேபோல அந்தப் புள்ளியில் உண்மையிலேயே கட்டி இருந்தால் சைகைகள் ஒன்றுசேர்ந்து பெருகும். இல்லையென்றால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். புள்ளி புள்ளியாக இப்படிச் செய்து முடித்தால் ஒரு முப்பரிமாணப் படம் கிடைக்கும். ஐந்து கிகாஹெர்ட்ஸ் அகலமுள்ள பட்டையில், கொழுப்புத் திசுவுக்குள் சுமார் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு பொருட்களைப் பிரித்துக் காணலாம்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் இந்த முறை உருவான கதை சுவையானது. ரால்ஃப் பெஞ்சமின் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் 1922-ல் பிறந்து, அகதியாக இங்கிலாந்து சென்று, கடற்படை ராடாரில் பணியாற்றியவர். கணினித் திரையில் குறியை நகர்த்தும் உருள்பந்துக் கருவியை 1946-ல் உருவாக்கியவரும் அவரே. பின்னாளில் பிரிட்டிஷ் அரசின் தகவல்தொடர்பு உளவு நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானியாக இருந்து ஓய்வு பெற்றார். மண்ணுக்கடியில் புதைந்த கண்ணிவெடியை ராடாரால் காண்பது பற்றிய அவரது கணக்கு, தோலுக்கடியில் இருக்கும் கட்டிக்கும் பொருந்தியது. இரண்டிலும் மேற்பரப்பு பெரிய எதிரொலியைத் தருகிறது. தேடும் பொருளோ அதற்கடியில் மெல்லிய எதிரொலியாக ஒளிந்திருக்கிறது. இயன் கிராடக், ஆலன் பிரீஸ் ஆகியோருடன் சேர்ந்து உருவான கருவிக்கு ‘மரியா’ என்று பெயர். கிண்ண வடிவில் அமைந்த ஆன்டெனாக்கள் தொடக்கத்தில் 16 இருந்தன. பிறகு 31 ஆகி, 60 ஆயின. 60 ஆன்டெனாக்களில் ஒன்று அனுப்ப மற்றொன்று பெறுவதாக இணை சேர்த்தால் 1770 வெவ்வேறு பாதைகள் கிடைக்கும். ஒவ்வொரு பாதையும் கட்டியை ஒவ்வொரு கோணத்திலிருந்து பார்க்கிறது.

தோல் என்னும் திரை

சுமார் இரண்டு மில்லிமீட்டர் தடிமன் உள்ள தோல் இத்துறைக்குக் கொடுத்த தொல்லை கொஞ்சமல்ல. தோலில் நீர் அதிகம். அது முதலிலேயே அலையைத் திருப்பிவிடுகிறது. தோலிலிருந்து வரும் எதிரொலி கட்டியிலிருந்து வருவதைவிடப் பல நூறு மடங்கு, சில நேரம் அதற்கும் மேல் வலுவாக இருக்கும். கட்டி தோலுக்கு அருகில் இருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

இதைக் களைய பிரிஸ்டல் குழு எளிய உத்தியைக் கையாண்டது. ஒருமுறை அளந்த பிறகு ஆன்டெனாக் கிண்ணத்தைச் சில பாகை திருப்பி மறுபடி அளந்து, முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழித்தார்கள். கிண்ணத்தைத் திருப்பினாலும் தோல் ஏறத்தாழ ஒரே தொலைவில்தான் இருக்கும். அதன் எதிரொலி கழிந்துவிடும். ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும் கட்டியின் எதிரொலி இடம் மாறுவதால் எஞ்சி நிற்கும். மார்பகத்தின் புற வடிவத்தை முதலில் ஒளிக் கருவியால் அளந்துகொண்டு, தோலின் பங்கைக் கணக்கிட்டு நீக்கும் வழியும் உண்டு.

அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுப்பதிலும் இழுபறி இருக்கிறது. அதிர்வெண் கூடினால் படம் நுணுக்கமாகும். ஆனால் திசு அலையை விரைவாக உறிஞ்சிவிடுவதால் ஆழம் வரை போகாது. குறைத்தால் ஆழமாகப் போகும், படம் மங்கும். ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு அதிர்வெண்ணில் நிற்பதற்கு இதுவே காரணம்.

2007 தந்த பாடம்

தொடக்க கால ஆய்வுகள் பலவும் புற்றுத் திசுவுக்கும் இயல்பான திசுவுக்கும் இடையே பல மடங்கு வேறுபாடு இருப்பதாக எடுத்துக்கொண்டன. அவை பெரும்பாலும் குறைந்த எண்ணிக்கையிலான மாதிரிகளை வைத்துச் செய்யப்பட்டவை. இதைத் தெளிவுபடுத்த விஸ்கான்சின், கால்கரி பல்கலைக்கழகங்கள் இணைந்து பெரிய அளவில் ஆராய்ந்தன. மார்பகத்தைச் சிறிதாக்கும் அறுவையிலும் புற்றுநோய் அறுவையிலும் எடுக்கப்பட்ட திசுக்களை உடனுக்குடன் அளந்து, ஒவ்வொன்றிலும் கொழுப்பு எவ்வளவு, சுரப்பி எவ்வளவு என்று நுண்ணோக்கியில் பார்த்துப் பதிந்தார்கள். அதிர்வெண் 0.5 முதல் 20 கிகாஹெர்ட்ஸ் வரை.

முடிவுகள் 2007-ல் வெளியாயின. கொழுப்பு மிகுந்த திசுவோடு ஒப்பிட்டால் புற்றுத் திசுவின் மின்பண்புகள் பத்து மடங்கு வரை வேறுபட்டன. ஆரோக்கியமான சுரப்பித் திசுவோடு ஒப்பிட்டாலோ வேறுபாடு சுமார் பத்து சதவீதத்துக்கு மேல் போகவில்லை. சுரப்பியிலும் நீர் நிறைய இருப்பதுதான் காரணம்.

இந்த அளவீடு துறையையே உலுக்கியது. மேமோகிராம் தடுமாறுவது அடர்த்தியான மார்பகத்தில். அதற்கு மாற்றாக வர வேண்டிய நுண்ணலைக்கும் அடர்த்தியான மார்பகமே கடினமாக அமைந்துவிட்டது. மேமோகிராம் ஏற்கெனவே நன்றாகப் பார்க்கும் கொழுப்பு மார்பகத்தில்தான் நுண்ணலையும் எளிதாகப் பார்க்கிறது. தீங்கற்ற கட்டிகளும் நீர்மிகுந்தவை. ஆகவே தீங்குள்ளதையும் இல்லாததையும் பிரிப்பதும் எளிதல்ல. மாதவிடாய்ச் சுழற்சியில் மார்பகத்தின் நீரளவு மாறுவதால், ஒரே பெண்ணின் படமே நாளுக்கு நாள் கொஞ்சம் வேறுபடும்.

ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. வெட்டியெடுத்த திசுவில் இரத்த ஓட்டம் கிடையாது. உடலுக்குள் இருக்கும் கட்டியைச் சூழ்ந்து புதிய இரத்தக் குழாய்கள் முளைத்திருக்கும். எனவே உயிருள்ள திசுவில் வேறுபாடு இன்னும் பெரிதாக இருக்கலாம் என்று ஒரு சாரார் வாதிட்டார்கள். டார்ட்மத் குழுவின் மருத்துவ அளவீடுகள் இதற்குத் துணைநின்றன. கட்டியில் போய்ச் சேரும் நுண்குமிழிகளையோ காந்த நானோ துகள்களையோ செலுத்தி வேறுபாட்டைக் கூட்டலாம் என்று வேறு சிலர் முயன்றார்கள். வலது, இடது மார்பகங்களின் படங்களை ஒப்பிட்டு, ஒன்றில் மட்டும் இருப்பதைத் தேடும் வழியும் பிறந்தது. சைகைகளின் அமைப்பைக் கற்றுக்கொண்டு கட்டி உண்டா இல்லையா என்று தரம் பிரிக்கும் இயந்திரக் கற்றலும் பின்னர் சேர்ந்துகொண்டது.

எண்ணெயும் ஜெலட்டினும்

நோயாளியிடம் கொண்டுபோகும் முன் கருவியைச் சோதிக்கச் செயற்கை மார்பகங்கள் வேண்டும். எண்ணெயை ஜெலட்டினில் குழைத்து, எண்ணெயின் பங்கைக் கூட்டியும் குறைத்தும் கொழுப்பு, சுரப்பி, தோல், கட்டி ஆகிய ஒவ்வொன்றின் மின்பண்பையும் ஒத்த கலவைகளைச் செய்கிறார்கள். எம்.ஆர்.ஐ. படங்களிலிருந்து விஸ்கான்சின் குழு உருவாக்கிய கணினி மார்பக மாதிரிகளை உலகெங்கும் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். இந்தியாவில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கே. டி. மேத்யூவின் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வில், அலையை உடலுக்குள் இதமாக நுழைய வைக்கும் இணைப்புத் திரவமாகச் சோளப் பாகைச் சோதித்துப் பார்த்தது.

மருத்துவமனைகளில்

ஆய்வகத்தைத் தாண்டி நோயாளிகளிடம் சோதிக்கப்பட்ட கருவிகள் சில உள்ளன. பிரிஸ்டலின் மரியா கருவி, அறிகுறிகளோடு மார்பக மருத்துவமனைக்கு வந்த 86 பெண்களிடம் சோதிக்கப்பட்டது. 3 முதல் 8 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளைப் பயன்படுத்திய அதன் படங்களை மேமோகிராம், அல்ட்ராசவுண்ட் முடிவுகளோடு ஒப்பிட்டதில், கண்டறியும் திறன் 74 சதவீதத்துக்கும் சற்று மேல் இருந்ததாக 2016-ல் வெளியிட்டார்கள். அடர்த்தியான மார்பகங்களிலும் அந்தத் திறன் குறையவில்லை என்பது, 2007-க்குப் பின் சோர்ந்திருந்த துறைக்குத் தெம்பளித்தது.

ஜப்பானின் ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தில் தகமாரோ கிக்காவாவின் குழு கையில் பிடிக்கும் அளவுக்குக் கருவியைச் சுருக்கியது. சிலிக்கான் சில்லுகளில் துடிப்பை உருவாக்கிப் பெறும் அந்தக் கருவியில் 16 ஆன்டெனாக்கள் குவிமாடம்போல் அமைந்திருக்கும். மல்லாந்து படுத்த பெண்ணின் மார்பகத்தின் மேல் அதை வைத்தாலே போதும். ஐந்து நோயாளிகளிடம் செய்த முதற்கட்டச் சோதனையின் முடிவுகள் 2017-ல் வெளியாயின. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகக் குழு வளையக்கூடிய ஆன்டெனாக்களை உள்ளாடையிலேயே பதித்து, மாதந்தோறும் அணிந்து பார்க்கக்கூடிய மாதிரியை உருவாக்கியது.

அயர்லாந்தின் கால்வே நகரில் ‘வேவெலியா’ என்ற கருவி 25 பெண்களிடம் முதன்முறையாகச் சோதிக்கப்பட்டது. நுண்ணலைப் பகுதியோடு மார்பக வடிவத்தை அளக்கும் ஒளிக் கருவியும் அதில் இணைந்திருக்கிறது. இத்தாலியின் பெருஜியாவில் உருவான ‘மேமோவேவ்’ திரவத்தையே விட்டுவிட்டது. காற்றில் சுழலும் இரண்டே ஆன்டெனாக்கள், 1 முதல் 9 கிகாஹெர்ட்ஸ், அலை பரவலைப் பற்றிய ஹைகன்ஸின் பழைய கோட்பாட்டை ஆதாரமாகக் கொண்ட கணக்கு ஆகியவை அதன் அடிப்படை. ஆன்டெனா குறைவு என்பதால் கருவி எளிமையாகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு பத்தாயிரம் பெண்களிடம் அதைச் சோதிக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. பத்து, ஐம்பது, நூறு பேரிடம் சோதித்துவந்த துறைக்கு இது மிகப் பெரிய தாவல். ஆரோக்கியமான பெண்களையும் பெருந்திரளாகச் சோதித்தால்தான், இல்லாத கட்டியை இருப்பதாகக் கருவி எத்தனை முறை பொய்யாக எச்சரிக்கிறது என்பது தெரியவரும்.

எங்கே பொருந்தும்

நுண்ணலையின் இயல்புக்கு நன்றாகப் பொருந்தும் ஒரு பணி, சிகிச்சையைக் கண்காணிப்பது. பெரிய கட்டி உள்ளவர்களுக்கு அறுவைக்கு முன்பே கீமோதெரபி கொடுத்துக் கட்டியைச் சுருக்குவது வழக்கம். மருந்து வேலை செய்கிறதா என்பதைச் சீக்கிரம் அறிந்தால், செய்யாத மருந்தை மாற்றிவிடலாம். கட்டி இருக்கும் இடம் ஏற்கெனவே தெரியும். அதன் நீரளவும் மின்கடத்துதிறனும் வாராவாரம் குறைகின்றனவா என்று பார்த்தால் போதும். டார்ட்மத் குழு இதை நோயாளிகளிடம் செய்துகாட்டி 2013-ல் வெளியிட்டது. கதிர்வீச்சும் மருந்தூசியும் இல்லாததால் எத்தனை முறை வேண்டுமானாலும் அளக்கலாம்.

இரண்டாவது பணி துணைச் சோதனை. மேமோகிராமில் சந்தேகம் எழும்போதும், அடர்த்தியான மார்பகத்தில் படம் தெளிவில்லாதபோதும், பயாப்சி எனும் திசுச் சோதனைக்கு அனுப்பும் முன் கூடுதல் தகவல் தருவது. எக்ஸ்ரே திசுவின் அடர்த்தியைப் பார்க்கிறது. நுண்ணலை நீரைப் பார்க்கிறது. இரண்டும் வெவ்வேறு பண்புகளைக் காட்டுவதால் ஒன்று தவறவிட்டதை மற்றொன்று பிடிக்க வாய்ப்புண்டு. ஆனால் மேமோகிராமில் முதல் தடயமாகத் தெரியும் சுண்ணத் துகள்கள் நுண்ணலையின் கண்ணுக்கு மிகவும் சிறியவை. அவற்றைக் காண எக்ஸ்ரேதான் வேண்டும்.

மூன்றாவது, மேமோகிராம் எட்டாத இடங்களில் முதற்கட்டச் சோதனை. இந்தியா போன்ற நாட்டில் எல்லாப் பெண்களுக்கும் மேமோகிராம் எடுக்கக் கருவியும் போதாது, படத்தைப் படித்துச் சொல்லும் மருத்துவர்களும் போதாது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 1998-ல் தொடங்கிய ஆய்வில், 35 முதல் 64 வயது வரையிலான 1,51,538 பெண்கள் இடம்பெற்றார்கள். ஒரு பிரிவினருக்குப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் மார்பகப் பரிசோதனை செய்தார்கள். ஐம்பது வயதைக் கடந்தவர்களில் இப்பரிசோதனை மார்பகப் புற்றுநோய் இறப்பை ஏறத்தாழ 30 சதவீதம் குறைத்ததாக 2021-ல் வெளியான முடிவுகள் காட்டின. கையால் தொட்டுப் பார்ப்பதே இவ்வளவு பயன் தரும் இடத்தில், பணியாளரின் கையில் ஒரு சிறிய, மலிவான, கதிர்வீச்சில்லாத கருவி இருந்தால் பயன் இன்னும் கூடலாம் என்பது எதிர்பார்ப்பு. அந்த இடத்தை நுண்ணலைக் கருவி பிடிக்க வேண்டுமானால், பயிற்சி பெற்ற விரல்கள் தவறவிடும் சிறு கட்டிகளை அது காட்டியாக வேண்டும்.

இன்றைய நிலையில் எந்த நாட்டின் பரிசோதனைத் திட்டத்திலும் மேமோகிராமின் இடத்தை நுண்ணலை பிடித்துவிடவில்லை. மார்பகத்தில் கட்டியோ, தோலில் குழிவோ, காம்பில் இரத்தக் கசிவோ தென்பட்டால் மருத்துவர் நம்புவது மேமோகிராம், அல்ட்ராசவுண்ட், இறுதியாகப் பயாப்சி ஆகியவற்றைத்தான். கட்டியைத் திட்டவட்டமாகப் புற்றுநோய் என்று சொல்லும் உரிமை இன்னும் நுண்ணோக்கிக்கே உரியது. கொழுப்புக்கும் கட்டிக்கும் இடையே உள்ள பத்து மடங்கு வேறுபாட்டை நுண்ணலைக் கருவிகள் பார்க்கத் தெரிந்துகொண்டுவிட்டன. சுரப்பிக்கும் கட்டிக்கும் இடையே உள்ள பத்து சதவீத வேறுபாட்டை ஆயிரக்கணக்கான பெண்களிடம் நம்பகமாகப் பார்க்கும் நாளில்தான் அவை பரிசோதனைக் கூடத்தில் நிரந்தர இடம் பெறும்.